ரீல் டப்பாவைப் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள மக்களே,

"அப்பா, பள்ளிக்கூடத்துல படம் போடுவியளே, அதுல அப்பிடி என்னதான் இருந்துச்சு?" என்று போனில் கேட்டாய். உங்கள் ஆபீசில் பாட வீடியோ செய்கிறவர்கள் இப்போது பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னாய். இதைப் போனில் சொல்ல முடியாது. பாதியில் "இன்னொரு கால் வருது" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்தப் படங்களில் பாதி சலிப்புதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்திப்படமும் விவரணப்படமும் எடுக்கிற மத்திய அரசு நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷன் 1948இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் தியேட்டர்காரர்கள் மெயின் படத்துக்கு முன்னால் அதன் செய்திப்படத்தையோ விவரணப்படத்தையோ போட்டே ஆகவேண்டும். நம்ம ஆட்கள் அது முடிகிற நேரம் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். முன்கூட்டியே வந்து மாட்டிக்கொண்டவர்கள் பீடிக்கு வெளியே போவார்கள். அணைக்கட்டானாலும் உரமானாலும் குடும்பக் கட்டுப்பாடானாலும் அதே கனத்த குரல். ஆனால் அதே இடத்திலிருந்துதான் 1974இல் விஜயா முலேயின் 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'வும் வந்தது. ஹிந்தி ஒரு அட்சரம் தெரியாமல் நீ பாடித் திரிந்தாயே, வேடன் வலையில் விழுந்த பறவைகள் வலையோடு எழும்பிப் பறக்கிற கார்ட்டூன், அதுதான். மறு வருஷம், 1975இல், செயற்கைக்கோள் வழியாக 2,400 கிராமங்களுக்கு டி.வி. கொண்டுபோன 'சைட்' திட்டம் தொடங்கியது. ஆறு மாநிலங்கள். தமிழ்நாடு அதில் கிடையாது. நமக்கு வாய்த்தது 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர்.

படங்களை இரவல் வாங்கித்தான் போடுவோம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1981இல்தான். அதுவரை ரீல் டப்பா பஸ்ஸில் வரும், பஸ்ஸிலேயே திரும்பிப் போகும். 400 அடி ரீல் ஒன்று 11 நிமிஷம் ஓடும். அந்த 11 நிமிஷத்துக்காக ஹாலின் ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, கூரையில் வெளிச்சம் வடிகிற ஓட்டையை அட்டையால் அடைத்து, கரண்டு போகாமல் இருக்க வேண்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

பிலிம் மாட்டுவதை நீ பார்த்ததில்லை. பல் சக்கரம் ஒரே சீராகச் சுற்றும். பல்புக்கு முன்னால் இருக்கிற சின்னக் கொக்கியோ பிலிமில் வரிசையாகப் பதிந்திருக்கும் சின்னச் சின்னப் படங்களை ஒவ்வொன்றாக, நொடிக்கு 24 தடவை, இழுத்து இழுத்து நிறுத்தும். ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவே பிலிம் அறுந்துவிடாமலிருக்க மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் தொய்வாக விடவேண்டும். கீழ் வளையத்தின் அளவு இன்னும் முக்கியம். படத்துக்குரிய சத்தம் பிலிமின் ஓரத்தில் 26 படம் முன்னால் பதிந்திருக்கும். வளையம் கூடினாலோ குறைந்தாலோ வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

பழைய பிலிம் அடிக்கடி அறும். சுரண்டி, பசை தடவி ஒட்டுவோம். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒன்றிரண்டு படமாவது போய்விடும், கூடவே அதன் பேச்சும். இதயத்தைப் பற்றி ஒரு படம் உண்டு. "இடது கீழறை சுருங்கும்போது" என்று தொடங்கிய குரல் ஒரு துள்ளு துள்ளி "உடல் முழுவதும் செல்கிறது" என்று போய் நிற்கும். எது போகிறது என்பது ஒட்டில் போயிற்று. பிள்ளைகள் அந்தத் துள்ளலையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தார்கள். இடைவேளையில் வராந்தாவில் நின்று அதே குரலில், அதே இடத்தில் துள்ளிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் படத்துக்கு இன்னொரு வினையும் வந்தது. பழைய கலர் பிலிமில் நீலப் பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும், சிவப்பு மட்டும் மிஞ்சும். கெட்ட ரத்தத்துக்கு நீலமும் நல்ல ரத்தத்துக்குச் சிவப்புமாகத் தீட்டியிருந்த படத்தில் எல்லாமே சிவப்பாகிவிட்டது. நான் கம்பை எடுத்துத் திரையில் தொட்டு, "இது நீலம்னு வச்சுக்கோங்க" என்பேன். பரீட்சையில் யாரும் தப்பாக எழுதவில்லை, தெரியுமா!

விதை முளைக்கிற படம்தான் எனக்குப் பிடித்தது. அரை மணிக்கு ஒரு படம் வீதம் எடுத்தால் ஒரு நாளைக்கு 48. ஓட்டும்போது ஒரு நாள் இரண்டே நொடியில் முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லிவிட்டுத்தான் புரொஜெக்டரை முடுக்குவேன். பயறு கண்முன்னால் தலைநிமிர்ந்து எழும்பும். பிறகு பின்னோக்கி ஓட்டுவேன், செடி சுருண்டு மண்ணுக்குள் போய்விடும். அப்போது எழும்புகிற சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்ப்பார். மறுநாள் ஜன்னல் விளிம்பெல்லாம் சிரட்டையில் மண்ணும் பயறும்தான்.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டே. ஆனி ஆடியிலும் ஐப்பசியிலும் தகரக் கூரையில் மழை அடித்தால் ஸ்பீக்கர் சத்தம் ஒன்றும் கேட்காது. ஒலியை அணைத்துவிட்டு நானே பேசுவேன். சில நாள் நானும் பேசமாட்டேன், பிள்ளைகள் பேசுவார்கள். அப்படி ஒரு நாள் கடல் ஏற்ற இறக்கம் பற்றிய படம். கனடாவில் ஃபண்டி விரிகுடாவில் தண்ணீர் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும், படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன் எழும்பி, "சார், இது கள்ளம். கடலு இப்பிடி வத்தாதுல்லா?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. நம்ம கரையில் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டேன். புனல் மாதிரி உள்ளே போகப் போக ஒடுங்குகிற விரிகுடா என்ன செய்யும், நம்ம திறந்த கடல் என்ன செய்யும் என்று பலகையில் வரைந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மீதிப் படத்தை அந்த வகுப்பு பார்க்கவே இல்லை.

நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன், மக்களே. படம் என்னவோ எங்கள் காலத்தில் கனவிலும் காணாத அழகு. ஆனால் அந்தக் குளச்சல் பையன் எழும்பி நிற்க அதில் எங்கே இடம்? மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. கேள்வியும் அதுவே கேட்கிறது, மூன்று நொடியில் பதிலும் அதுவே சொல்கிறது. நிறுத்துகிற பொத்தான் இருக்கிறதே என்பாய். தனியாகப் பார்க்கிற பிள்ளை யாரிடம் கேட்க நிறுத்தும்?

மச்சில் இருக்கும் டப்பாவைத் திறந்தேன், வினிகர் நெடி குப்பென்று அடிக்கிறது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பிலிமின் அசிடேட் சிதைந்து அமிலமாகிறது. சுருங்கியும் போயிருக்கும், புரொஜெக்டரில் மாட்டினால் துளை கிழியும். பெங்களூரில் ஸ்கேன் செய்கிறவர்கள் உண்டா, என்ன கேட்பார்கள் என்று விசாரி. அடுத்து நீ செய்கிற பாடத்தில் நடுவே 20 நொடி ஒன்றும் பேசாமல் படத்தை மட்டும் ஓடவிட்டுப் பார். உன் மேனேஜர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும். எத்தனை நொடிக்கு ஒத்துக்கொள்வார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா