குற்றப்பத்திரிகையோடு அந்த ஒரு தாளையும் வையுங்கள்

குற்ற வழக்குத் தொடர்வுத் துறை இயக்குநர் அவர்களுக்கும், தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கின் பின்னணியை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 23-ல் நடந்த குற்றத்துக்கு 2025 ஜூன் 2-ல் தண்டனை. அந்த வேகத்தை மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் பிடிபட்டவர் மீது ஏற்கெனவே வழக்குகள் இருந்தன என்று செய்தி வந்ததும் ஊரே கேட்டது: "இத்தனை கேஸ் இருக்கிற ஆள் எப்படி வெளியே திரிந்தான்?" இன்றுவரை யாரும் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதம், ஒருவரின் பழைய தண்டனையை நீதிமன்றத்தில் காட்டும் ஒரு தாளைப் பற்றியது.

பி.என்.எஸ். எனும் புதிய தண்டனைச் சட்டத்தின் 71-வது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 376-இ) சொல்வது இதுதான்: பாலியல் வன்கொடுமைக்கான 64, 65, 66, 70 ஆகிய பிரிவுகளில் ஒன்றில் முன்பே தண்டனை பெற்றவர் மறுபடியும் அவற்றில் ஒன்றில் தண்டனை பெற்றால், சாகும்வரை சிறை அல்லது மரணம். 'தண்டனை பெற்றவர்' என்பதைக் கவனியுங்கள். பத்து வழக்கு நிலுவையில் கிடந்தாலும் தீர்ப்பு வராதவரை அவர் சட்டத்தின் கண்ணில் முதல் தடவைக்காரர்தான். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் பெற்ற தண்டனை இந்தப் பட்டியலிலேயே இல்லை. போக்சோ 5(t) பிரிவோ எந்தச் சட்டத்தில் பெற்ற பாலியல் குற்றத் தண்டனையையும் கணக்கில் எடுக்கிறது. இந்த முரணைச் சரிசெய்ய வேண்டியது நாடாளுமன்றம். அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை.

உங்கள் கையில் இருப்பதற்கு வருவோம். முன்தண்டனையைக் காட்டிக் கூடுதல் தண்டனை கேட்பதானால் அதன் விவரம், தேதி, இடம் மூன்றும் குற்றச்சாட்டில் இருக்க வேண்டும் என்கிறது குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 234-வது பிரிவு. விட்டுப்போயிருந்தால் தண்டனை விதிக்கும் முன்புவரை சேர்க்கலாம். அது குற்றவாளி என்ற தீர்ப்புக்குப் பிறகுதான் வாசிக்கப்படும், அதுவரை நீதிபதியின் மனதைக் கெடுக்காது. நிரூபிக்க இரண்டு பொருள் போதும்: பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகல் அல்லது சிறைக் கண்காணிப்பாளரின் சான்று, அந்த ஆள்தான் இந்த ஆள் என்பதற்கு அத்தாட்சி.

நடப்பது என்ன? குற்றவாளி என்று அறிவித்துவிட்டு, "முன்தண்டனை உண்டா?" என்று நீதிபதி கேட்கிறார். அரசு வழக்கறிஞர் ஆய்வாளரைப் பார்க்கிறார். ஆய்வாளர் கோர்ட் டியூட்டி காவலரைப் பார்க்கிறார். பக்கத்து மாவட்ட நீதிமன்றத்தில் காப்பி அப்ளிகேஷன் போடவே இல்லை. நகல் இருந்தாலும் அதில் தகப்பன் பெயர் 'சுப்பிரமணி', இந்த வழக்கில் 'சுப்பிரமணியன்', முகவரியும் வேறு. "அது வேறு ஆள்" என்கிறார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். விரல்ரேகை ஒப்பீட்டை யாரும் கேட்டு வாங்கவில்லை. வாய்தா கொடுக்க நீதிமன்றத்துக்கு மனமில்லை. 71 அங்கேயே விழுந்துவிடுகிறது. சாட்சிக் கூண்டில் நின்று எல்லாவற்றையும் மறுபடி சொன்ன பெண்ணுக்கு, ஒரு தாள் வராததால் நடந்தது இது என்று தெரியக்கூட வாய்ப்பில்லை.

மும்பை சக்தி மில் கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 2014-ல் அரசுத் தரப்பு தயாராக இருந்தது. முதல் வழக்கில் தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள் இரண்டாவதில் 376-இ குற்றச்சாட்டைச் சேர்த்தது. மரண தண்டனை 2021-ல் ஆயுளாகக் குறைந்தது, அது வேறு கதை. நாங்கள் தூக்குக் கயிறு கேட்கவில்லை. தாள் கேட்கிறோம்.

இன்னொன்று. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் '30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு இல்லை' என்றது மகளிர் நீதிமன்றம். அந்த வகைத் தண்டனையை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்தான் விதிக்கலாம் என்று ஸ்ரீகரன் வழக்கில் 2015-லேயே அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டுக்கு இதைவிட நல்ல பிடி எதிர்த்தரப்புக்குக் கிடைக்காது. சாகும்வரை சிறை என்று சட்டமே எழுதிவைத்திருக்கும் 71-ல் இந்த ஓட்டை கிடையாது.

பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018-லிருந்து காவல்துறையின் கணினியில் இருக்கிறது. இதே வழக்கில் பாதிக்கப்பட்டவரின் விவரம் எஃப்.ஐ.ஆர். வழியே ஊருக்கெல்லாம் போய், உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவர் பெயரை வெளியே விடத் தெரிந்த கணினிக்குக் குற்றவாளியின் பழைய தண்டனையை நீதிமன்றம்வரை கொண்டுபோகத் தெரியவில்லை! உடனே "குண்டாஸ் போட்டாச்சு" என்று ஒரு அறிக்கை வரும். அந்தத் தடுப்புக்காவலின் உச்சவரம்பே 12 மாதம், அதிலும் படிக்க முடியாத ஜெராக்ஸ் கொடுத்ததற்காக ரத்தாகும்.

கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்குகளைக் கண்காணிப்பது பி.என்.எஸ்.எஸ். 20-ன்படி இயக்குநரின் கடமை என்பதால்தான் உங்களிடம் வருகிறோம். பாலியல் வன்முறை வழக்கின் குற்றப்பத்திரிகையை அரசு வழக்கறிஞர் சரிபார்க்கும்போதே, விரல்ரேகைப் பிரிவின் பதில் 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ ஒரு பக்கம் இருக்க வேண்டும். 'உண்டு' என்றால் நகல் மனு அன்றைக்கே போக வேண்டும். ஜாமீனில் இருக்கும்போது புது எஃப்.ஐ.ஆர். விழுந்தால், பழைய ஜாமீனை ரத்து செய்யும் மனுவும் அதே வாரம் போகட்டும். மறுபடி தண்டிக்கப்படுபவரின் விடுதலைக்குப் பிறகான முகவரியை ஐந்தாண்டுவரை தெரிவிக்கச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். 394-ல் உத்தரவு கேட்கலாம். கேட்டால்தானே கிடைக்கும்.

இதற்குப் புதுச் சட்டமோ நிதி ஒதுக்கீடோ வேண்டாம். உங்கள் இருவர் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்குள் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்