பேஸ்பால் ரசிகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் வாழும் தமிழர்களாகிய நாம் நடத்திவரும் இவ்வட்டத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு காலாண்டுக்கு ஒருமுறை தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே, ஆண்டு முழுவதும் என் காதில் விழுந்துகொண்டிருந்த ஒரு குறைக்கு முதலில் விளக்கம் அளித்துவிடுகிறேன்: கூர்ஸ் ஃபீல்டு என்னும் நம் நகரப் பேஸ்பால் அரங்கில் நாம் பார்த்த மூன்று ஆட்டங்களுக்கும் மேல்தளத்திலேயே இருக்கை வாங்கியது ஏன்?

விலை குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் மேல்தளத்தின் 20ஆவது வரிசை மட்டும் ஊதா நிறத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல், அதாவது 5,280 அடி உயரத்தைக் குறிக்கும் வரிசை அது. பந்தை அடித்தவர் முதலில் ஓடிச் சேரும் இடமான முதல் பேஸின் பக்கமாக அங்கே அமர்ந்தால், ராக்கி மலைத்தொடருக்குப் பின்னே வெயில் இறங்குவதையும் ஆட்டத்தையும் ஒரே பார்வையில் காணலாம். அதைவிடப் பெரிய இன்பம் காதுக்கு. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கை ஓங்கி இறங்கிய பிறகுதான் கல்லின் சத்தம் வரும். ஒலி விநாடிக்குச் சுமார் 1,100 அடி செல்வதால், 300 அடி தள்ளி இருப்பவருக்குப் பந்து கிளம்பிக் கால் விநாடிக்குப் பின்னரே மட்டையின் ஓசை எட்டுகிறது. மைதானத்தின் கோடியில் நின்று பந்தைப் பிடிக்கும் அவுட்ஃபீல்டருக்கும் இதே தாமதம்தான். அவர் தம்மை நோக்கி நேராக எழும்பும் பந்துக்கு முன்னே ஓடுவதா, பின்னே ஓடுவதா என்பதைக் கண்ணைவிடக் காதைக் கொண்டே முதலில் முடிவு செய்கிறார் என்று யேல் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் அடேர் விளக்கியிருக்கிறார். 'டக்' என்று கூர்மையாகக் கேட்டால் பந்து தூரம் போகும்; ஆகவே பின்னே. 'தொப்' என்று மழுங்கிக் கேட்டால் முன்னே.

இவ்வேறுபாட்டைக் கையால் தொட்டறியவே ஏப்ரலில் பூங்காவில் மட்டைப் பயிற்சி நடத்தினோம். மட்டையின் கைப்பிடியை இரு விரல்களால் தளரப் பிடித்துத் தொங்கவிட்டு, நுனியிலிருந்து மேல்நோக்கி ஒரு பழைய பந்தால் தட்டிக்கொண்டே வந்தபோது, நுனியிலிருந்து ஆறேழு அங்குலத்தில் விரலின் அதிர்வு சட்டென்று அடங்கியது. மட்டையின் அதிர்வலையில் அசையாத கணுவாக இருக்கும் அவ்விடத்தில் பட்டால், ஆற்றல் மட்டையில் வீணாகாமல் பந்துக்கே போய்ச் சேர்கிறது. மிருதங்கம் வாசிக்கும் நம் மூத்த உறுப்பினர், சுதி சேர்க்கும்போது தாம் தேடுவதும் இப்படி ஓர் இடத்தைத்தான் என்றார். அடுத்து நான் ஓங்கி அடித்த பந்து கைப்பிடிக்கு அருகே பட்டு, குளிரில் இரண்டு உள்ளங்கைகளும் மரத்துப்போயின. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே. வலி மட்டும் மதிய உணவு வரை இருந்தது.

அன்றே தையல் பிரிந்த பந்து ஒன்றைக் குழந்தைகள் அவிழ்த்தார்கள். சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல்கள், மாட்டுத்தோல், அதற்குள் கம்பளி நூல், நடுவே ரப்பர் பொதிந்த தக்கை. நூலைப் பிரிக்கப் பிரிக்கக் கம்பளி வாசனை எழுந்தது.

ஆகஸ்டு மாத உரை நம் ஊர்க் காற்றைப் பற்றியது. இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே அடித்த பந்துக்குத் தடை குறைகிறது. சுழலும் பந்தை வளைக்கும் மேக்னஸ் விசையும் குறைவதால் பந்தை எறியும் பிட்ச்சரின் 'கர்வ்பால்' என்னும் வளைபந்து போதிய அளவு வளைவதில்லை. இரண்டு வகையிலும் நட்டம் பிட்ச்சருக்கே. 1995இல் திறந்த இவ்வரங்கில் 1999இல் மட்டும் 303 ஹோம் ரன்கள் (வேலியைத் தாண்டிப் பறக்கும் அடிகள்) அடிக்கப்பட்டன. வறண்ட காற்றில் தோல் காலணி இறுகிப்போவதைக் கண்ட அரங்கப் பணியாளர் ஒருவருக்குப் பந்துகளும் அப்படித்தானே காயும் என்று தோன்றியதன் விளைவாக, 2002இல் பந்துகளுக்கு ஈரப்பத அறை அமைத்தார்கள். ஈரம் ஏறிய பந்து சற்றுக் கனக்கும், துள்ளலும் குறையும். இங்கே ஒரு திருத்தம்: ஈரக்காற்று கனமானது என்று சென்ற ஆண்டு அறிக்கையில் எழுதியிருந்தேன். அது தவறு; நீராவி காற்றைவிட இலேசானது. ஈரத்தால் மாறுவது பந்துதான்.

வரும் ஆண்டில் ஓர் ஆட்டத்துக்காவது மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கை எடுக்கச் செயற்குழு இசைந்துள்ளது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அவருக்குப் பின்னே அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் விழும் ஓசை மேல்தளம் வரை வராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கூடுதல் செலவை உறுப்பினர்களே ஏற்க வேண்டும்.

அவிழ்த்த பந்து என் வீட்டில் ஒரு காலணிப் பெட்டியில் இருக்கிறது. வேண்டுவோர் வாங்கிச் செல்லலாம். பூங்காவிலிருந்து மட்டையை எடுத்துச் சென்றவர் அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்