சுரங்கம் தோண்டினவரும் அவார்டை வேணாம்னவங்களும்

டேய் மாப்ள,

உன் மெயில் வந்துச்சு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்புறம்தான் நிம்மதி, கொஞ்ச நாளைக்கு அடுப்பு பக்கம் போக விடாத. இங்க எல்லாரும் சௌக்கியம்.

ரெண்டாம் உலகப்போர் கைதிங்க ஜெர்மன் முகாம்ல சுரங்கம் தோண்டி தப்பிக்கிற 'தி கிரேட் எஸ்கேப்' படத்தை மறுபடி பார்த்தேன்னு சொல்லி ஹீரோ ஸ்டீவ் மெக்வீன் பைக்கைப் பத்தியே பாதி மெயில் எழுதியிருக்க. அந்த பைக் சீன் நிஜத்துல நடக்கவே இல்லடா, வேலியைத் தாண்டுற ஜம்ப் அடிச்சதும் பட் ஈகின்ஸ்னு ஒரு ஸ்டன்ட்காரர். எனக்கு அந்தப் படம்னா ஞாபகம் வர்ற ஆளு வாலி ஃப்ளடி. கனடாக்காரர், ஒன்டாரியோவுல சுரங்க வேலை பார்த்தவர், அப்புறம் ஸ்பிட்ஃபயர் பைலட் ஆகி, 1941ல சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மன்காரன்கிட்ட மாட்டினவர். அவரை வெச்சிருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3ங்கிற ஜெர்மன் கைதி முகாம்ல மண்ணு முழுக்க வெறும் மணல், தோண்டத் தோண்ட சரியும், அதனால கட்டில் பலகையை எல்லாம் உருவி முட்டு குடுத்து, செஞ்சிலுவை சங்கம் அனுப்பின பால் பவுடர் டின்னை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து காத்து வர்றதுக்கு குழாய் பண்ணி, சுமார் 9 மீட்டர் ஆழத்துல 100 மீட்டருக்கு மேல சுரங்கம் போட்டாங்க. யோசிச்சுப் பாரு, காவல்காரன் தலைக்கு மேல நடந்துட்டு இருக்கான்!

1944 மார்ச்ல 76 பேர் வெளிய போனாங்க. தப்பிச்சு ஊர் போய்ச் சேர்ந்தது 3 பேர்தான். பிடிபட்டவங்கள்ல 50 பேரை ஹிட்லர் உத்தரவுல சுட்டுக் கொன்னுட்டாங்க, அதுல 6 பேர் கனடாக்காரங்க. ஃப்ளடியை அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வேற முகாமுக்கு மாத்திட்டதால உயிர் பொழச்சார். 1963ல வந்த அந்தப் படத்தை எடுக்கும்போது டெக்னிக்கல் அட்வைசரா அவரைத்தான் கூப்பிட்டாங்க. ஆனா கதையில சுரங்கம் தோண்டுறவன் போலந்துக்காரன், அந்த வேஷம் சார்லஸ் பிரான்சன், அவரும் சின்ன வயசுல நிலக்கரி சுரங்கத்துல கஷ்டப்பட்டவர்தான். அமெரிக்க படைக்காரங்களை தப்பிக்கிறதுக்கு பல மாசம் முன்னாடியே வேற பக்கம் மாத்திட்டாங்க, படத்துல என்னடான்னா ஹீரோவே அமெரிக்கர். நல்ல படம்தான், ஆனா அந்த 6 பேரை நினைச்சா எனக்கு மனசு இன்னும் ஆறல.

உன் பையன் எந்நேரமும் டிரேக் பாட்டுதான்னு எழுதியிருந்தியே, அந்த டிரேக்குக்கு முன்னாடி கனடாவுல ராப் பாடினவங்களைப் பத்தி பையன்கிட்ட சொல்லு. 1989ல மேஸ்ட்ரோ ஃப்ரெஷ் வெஸ் டக்சீடோ கோட்டு போட்டுட்டு 'லெட் யுவர் பேக்போன் ஸ்லைட்' பாடினார், டொரன்டோ ஆளு, ஆனா ரெக்கார்ட் போட்டது நியூயார்க் கம்பெனி. டிரீம் வாரியர்ஸ்னு ரெண்டு பேர் குவின்சி ஜோன்ஸோட 'சோல் போசா நோவா'வை எடுத்து ஒரு பாட்டு பண்ணாங்க, கனடாவுல அந்த மெட்டை எல்லாரும் ஒரு டிவி கேம் ஷோவுல வருஷக்கணக்கா கேட்டிருக்காங்க, பின்னாடி 1997ல ஆஸ்டின் பவர்ஸ் படத்துல வந்ததும் அதே மெட்டு. பாட்டு இருந்துச்சு, போடறதுக்கு ரேடியோ இல்ல. 1990ல டொரன்டோவுல கறுப்பர் இசைக்கு எஃப்எம் லைசென்ஸ் கேட்டப்ப அந்த அலைவரிசையை கன்ட்ரி மியூசிக்குக்கு தூக்கி குடுத்துட்டாங்க, அந்த இசைக்குன்னு ஃப்ளோ 93.5 ரேடியோ வர 2001 ஆயிடுச்சு!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ராஸ்கல்ஸ். வான்கூவர் ராப் குழு. 1998ல கனடாவோட பெரிய இசை விருதான ஜூனோ அவார்ட் விழா அவங்க சொந்த ஊர்லயே நடக்குது, ராப் அவார்டும் அவங்களுக்குத்தான், ஆனா ராப் அவார்டை டிவியில காட்டாத நிகழ்ச்சியில குடுத்தாங்க. வேணாம்னு சொல்லிட்டாங்கடா! வளர்ற நேரத்துல கைக்கு வந்த அவார்டை விடறதுக்கு எவ்வளவு மனசு வேணும். அடுத்த வருஷம் கார்டினல் ஆஃபிஷல், சாக்லேர், த்ரஸ்ட், செக்மேட்னு மத்த ராப் பாடகர்களையும் கூட்டிட்டு வந்து 'நார்தர்ன் டச்' பாட்டை டிவி மேடையிலயே பாடினாங்க, ராப் அவார்டும் அந்தப் பாட்டுக்கே போச்சு.

பையனுக்கு முதல்ல அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டு, ஒவ்வொருத்தன் குரலும் வேற மாதிரி இருக்கும், யாரைப் பிடிச்சதுன்னு கேட்டு எழுது. எனக்கு கார்டினல்தான். அம்மாவை விசாரிச்சதா சொல்லு, கண்ணுக்கு சொட்டு மருந்து நேரத்துக்கு விடுங்க.

உன்
முரளி