மேலே வீசும் காற்றையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

தென்மேற்குப் பருவமழை வலுவிழந்தது பற்றிய செய்தியில் காற்றழுத்தத் தாழ்வுநிலை மட்டுமே பேசப்பட்டிருந்தது. சரி, ஆனால் கதையில் பாதி மேலே நடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தீபகற்பத்துக்கு மேல், சுமார் 14 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு அதிவேகக் காற்று ஓடுகிறது. நம் வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958-இல் விளக்கியது இதைத்தான். திபெத் பீடபூமி சூடேறுவதால் வலுப்பெறும் இந்த ஓட்டம் தளர்ந்தால் பெரும்பாலும் மழையும் தளரும்.

தென்காசியில் ஆடி மாதம் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது பலமுறை கவனித்திருக்கிறேன்: சாரல் மேகங்கள் கிழக்கே விரையும், அவற்றின் இடைவெளியில், மிக உயரத்தில், பஞ்சிழை மேகங்கள் எதிர்த்திசையில் நகரும். தினசரி வானிலைப் பகுதியில் மேலடுக்குக் காற்றின் திசையையும் வேகத்தையும் ஒரு வரியில் வெளியிடலாமே.

– வாசகர், தென்காசி