256 என்பது நினைவகத்தின் அளவு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கிராபிக்ஸ் கார்டு வளர்ந்த கதையைப் போட்டிருந்தீர்கள். இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம், நன்றி. ஆனால் 1999-இல் வந்த என்விடியா கம்பெனியின் ஜீஃபோர்ஸ் 256 கார்டுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம், அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி எழுதிவிட்டீர்களே, அதுதான் ஜீரணமாகவில்லை. நான் அந்தக் காலத்தில் காட்பாடியில் ரயிலேறிப் போய் சென்னை ரிட்சி தெருவில் பாகங்கள் வாங்கிவந்து, வேலூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்துப் பிழைத்தவன்.

3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டு 1996-லேயே வந்துவிட்டது. சாதாரண டிஸ்ப்ளே கார்டு ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும், இது அதற்குத் துணையாகத்தான் உட்காரும், முப்பரிமாணம் தவிர வேறெதுவும் தெரியாது. பழைய கார்டிலிருந்து ஒரு குட்டி விஜிஏ கேபிள் வூடூவுக்குள் போகும், மானிட்டரை வூடூவில் மாட்ட வேண்டும். கேம் தொடங்கியதும் பல கார்டுகளில் உள்ளேயிருக்கும் ரிலே என்கிற குட்டி சுவிட்ச் 'டக்' என்று சத்தம் போட்டு மாறும். விசிறி கிடையாது, ஹீட் சிங்க்கூடக் கிடையாது, மொட்டைச் சிப்புதான். அதோடு நம்மூர் அக்னி நட்சத்திரத்தையே தாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே முக்கியமான சிப்புகள் இரண்டு, ஆளுக்கு 2 எம்.பி. நினைவகம். ஒன்று உருவங்களின் மேல் டெக்ஸ்சர் என்கிற மேற்பரப்புப் படத்தை ஒட்டும், இன்னொன்று திரைக்குப் போகும் படத்தைப் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டாவதன் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 640-க்கு 480 திரையில் 3,07,200 பிக்சல், ஒன்றுக்கு 2 பைட். திரையில் ஓடும் படம், பின்னால் தயாராகிக்கொண்டிருக்கும் அடுத்த படம், எது முன்னே எது பின்னே என்று சொல்லும் இசட் பஃபர், ஆக மூன்று தடவை இதே அளவு. மொத்தம் 18 லட்சத்துச் சொச்சம் பைட், 2 எம்.பி.க்குள் கச்சிதமாக அடங்கிவிடும். 800-க்கு 600 கேட்டால் இசட் பஃபரை விட்டுவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

சரி, அப்படியானால் ஜீஃபோர்ஸ் புதிதாக என்னதான் செய்தது? சுவர் விளம்பரம் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள், ஒருவர் கட்டம் போட்டு எழுத்துக்கு அவுட்லைன் இழுத்துக்கொண்டே போவார், பின்னாலேயே இன்னொருவர் வர்ணம் அடித்துக்கொண்டு வருவார். வூடூ வர்ணம் அடிக்கிற ஆள். முப்பரிமாண உருவங்களைக் குட்டிக் குட்டி முக்கோணங்களாகத்தான் வரைவார்கள்; எந்த முக்கோணம் திரையில் எங்கே விழும், அதன் மேல் வெளிச்சம் எவ்வளவு படும் என்கிற அவுட்லைன் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரின் பென்டியம் பிராசஸர்தான் போட்டுக் கொடுத்தாக வேண்டும். ஜீஃபோர்ஸ் 256 அந்த வேலையையும் பிராசஸரிடமிருந்து வாங்கிக் கார்டுக்குள்ளேயே வைத்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது நிஜமாகவே பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் கேம்கள் அப்போது கொஞ்சம்தான்.

'உலகின் முதல் ஜிபியு' (கிராபிக்ஸ் கணக்குக்கென்றே உள்ள பிராசஸர்) என்பது என்விடியாவின் விளம்பர வாசகம். விநாடிக்கு 1 கோடி முக்கோணங்களாவது போட வேண்டும் என்று இலக்கணம் வகுத்ததும் அவர்களே, அதில் பாஸானதும் அவர்கள் சிப்பே! சோனி தன் பிளேஸ்டேஷன் சிப்பை 1994-லேயே ஜிபியு என்றுதான் அழைத்தது. அப்புறம், அந்த முதல் ஜீஃபோர்ஸில் நாம் விரும்பியபடி புரோகிராம் எழுதி ஓட்டவும் முடியாது, ஆலையில் என்ன கணக்கைப் பதித்தார்களோ அதுதான். முக்கோண முனைகளின் கணக்கைப் போடும் வெர்டெக்ஸ் ஷேடரில் நாமே எழுதலாம் என்ற நிலை 2001-இல் ஜீஃபோர்ஸ் 3-இல் வந்தது. இன்று ஏஐ, ஏஐ என்கிறோமே, அதற்கு வழி விட்டது 2006-இன் ஜீஃபோர்ஸ் 8800. எல்லா வேலையையும் ஒரே மாதிரி சின்னச் சின்ன கோர்களுக்கு, அதாவது கணக்குப் போடும் பகுதிகளுக்குப் பங்கு போட்டது அதில்தான். இந்த வரிசையைச் சொல்லாமல் 1999-இலிருந்து நேராக ஏஐக்குத் தாவினால் படிக்கிறவனுக்கு என்ன புரியும்?

3டிஎஃப்எக்ஸ் 2000 டிசம்பரில் கையை விரித்துவிட்டது, சொத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டதும் என்விடியாதான். உங்கள் கட்டுரையில் அந்தப் பெயருக்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று. ஜீஃபோர்ஸ் 256-இல் 256 எம்.பி. நினைவகம் இருந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். இல்லை ஐயா! அப்போது வந்த பெரும்பாலான கார்டுகளில் 32 எம்.பி.தான். பிக்சல்களைத் தயாரிக்கிற 64 பிட் பைப்லைன் நான்கு சேர்ந்து 256 பிட், பெயர் வந்தது அதனால்தான். மற்றதை விட்டாலும் இதை மட்டுமாவது வரும் ஞாயிறு திருத்திப் போட்டுவிடுங்கள். என் அக்கா பையன் காலேஜ் செமினாருக்கு உங்கள் கட்டுரையைத்தான் வெட்டி வைத்திருக்கிறான், நான் சொன்னால் 'பேப்பர்லயே போட்டிருக்கு மாமா' என்கிறான்.

இப்படிக்கு,
பழைய அசெம்பிள்காரன்,
சத்துவாச்சாரி, வேலூர்.