முன்வரிசைத் தடுப்பிலிருந்து திட்டமிடுங்கள்: ராக் இசை நிகழ்ச்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ராக் இசை நிகழ்ச்சிகளின் அமைப்பாளர்களுக்கும் அரங்க உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். ஒலி, மேடை, கூட்ட ஒழுங்கு ஆகிய வேலைகளைச் செய்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்கள் திட்டம் பெரும்பாலும் மேடையிலிருந்து தொடங்குகிறது. எத்தனை விளக்கு, எத்தனை ஸ்பீக்கர், எந்தப் பாட்டுக்கு எங்கே தீப்பொறி என்று முதலில் முடிவாகிறது. தடுப்புக் கம்பியில் நெஞ்சு அழுந்த நிற்கப்போகும் ரசிகரைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. அவரிடமிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

முதலில் நெரிசல். ஆட்களின் எண்ணிக்கையை மைதானத்தின் பரப்பால் வகுத்து வரும் சராசரியை நம்பாதீர்கள். பின்பாதி காலியாகக் கிடக்கும்போதே முன்னால் மூச்சு முட்டலாம். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர்வரை நின்றால் ஒருவர் தன் விருப்பப்படி திரும்பவும் விலகவும் முடியும். ஐந்தைத் தொட்டாலே ஆபத்து தொடங்கிவிட்டது. ஆறு, ஏழு என்றாகும்போது தனி மனிதரின் கால்பலம் எதற்கும் உதவாது. பின்னாலிருந்து வரும் ஒரு சின்னத் தள்ளல்கூட அலையாகக் கூட்டம் முழுக்க ஓடித் தடுப்பில் வந்து மோதும். மிதிபடாமலேயே ஆள் சாகலாம். நின்ற நிலையிலேயே, மார்பு விரிய இடமின்றி மூச்சு நின்றுபோகும். 2000-ல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட் விழாவில் 9 பேரும், 2021-ல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் 10 பேரும் இறந்தது கூட்ட நெரிசலில்தான்.

ஊர்வலத்துக்கு வைக்கும் லேசான இரும்பு வேலியை மேடைக்கு முன்னால் வைக்காதீர்கள். தள்ளினால் சாயும், அதன் பாதம் காலை இடறும். அடியில் அகலத் தகடு உள்ள முக்கோணச் சட்டத் தடுப்புதான் வேண்டும். அந்தத் தகட்டின்மேல் ரசிகர்களே நிற்பதால் அவர்கள் எடையே அதைப் பிடித்துவைக்கும். உயரம் சுமார் 1.2 மீட்டர். அதற்கும் மேடைக்கும் நடுவே ஒன்றரை மீட்டராவது விடுங்கள். அந்த இடத்தைக் கேமரா தண்டவாளத்தாலும் அடித்தொனிக்கான சப்-வூபர் ஸ்பீக்கர் பெட்டிகளாலும் அடைத்துவிடுகிறார்கள். மயங்கியவரைத் தூக்கி எடுத்துப் பக்கவாட்டில் கொண்டுபோக வழியில்லாமல் போகிறது. அங்கே நிற்கும் பணியாளர் மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தின் முகங்களைப் பார்க்க வேண்டும். கையை மேலே எடுக்க முடியாமல் இருப்பவர், முகவாயை உயர்த்திக் காற்றுக்கு ஏங்குபவர், தாளத்தோடு சேராமல் பக்கவாட்டில் சாயும் கூட்டம் ஆகியவையே அவர் தேட வேண்டிய அறிகுறிகள். குடிநீரும் இந்த இடத்திலிருந்தே, இலவசமாக, கேட்காமலே போக வேண்டும். தண்ணீருக்காக இடத்தை விட்டு வெளியே போனால் திரும்ப முடியாதென்று பயந்தே பலர் குடிக்காமல் நிற்கிறார்கள்.

அடுத்து, நிகழ்ச்சியை நிறுத்துவது. பாடகர் பார்த்து நிறுத்துவார் என்று நினைப்பது தவறு. தன் குரலையும் இசையையும் கேட்பதற்கான மானிட்டர் என்ற சிறு ஒலிக்கருவியைக் காதுக்குள் மாட்டியிருப்பதால் கூட்டத்தின் அலறல் அவருக்கு எட்டாது. எதிரே அடிக்கும் விளக்கில் பத்தாவது வரிசைகூடத் தெரியாது. எனவே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். தடுப்புக்குள் இருக்கும் பொறுப்பாளர் மேடை மேலாளருக்குச் சொல்வார். அவர், அந்தக் காதுக்கருவியின் ஒலியைக் கவனிக்கும் மானிட்டர் இன்ஜினியருக்குச் சொல்வார். அந்த இன்ஜினியர் நேராகப் பாடகரின் காதுக்குள் சொல்வார். நடுவில் யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது.

நிறுத்தும்போது இசை மட்டும் நிற்கட்டும். பதற்றத்தில் ஒலி அமைப்பு முழுவதையும் அணைத்துவிட்டால் அறிவிக்க மைக் இருக்காது. கூட்டத்தின் மேல் விளக்குகளை எரியவிடுங்கள். அறிவிப்பைப் பாடகரே சொல்லட்டும், அவர் குரலுக்குத்தான் கூட்டம் கட்டுப்படும். முன்னால் நிற்பவரைப் பின்னால் போகச் சொல்லிப் பயனில்லை, அவரால் நகரவே முடியாது. கடைசி வரிசை முதலில் இரண்டடி பின்னால் எடுத்து வைக்க வேண்டும், பிறகு அதற்கு முந்தைய வரிசை. இந்த வாசகத்தை அச்சடித்து மேடைத் தரையில் ஒட்டுங்கள். சவுண்டு செக் நேரத்தில் ஒருமுறை விளக்கோடும் மைக்கோடும் ஒத்திகை பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

ஒலிக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட தரநிலை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்த எண் தெரிந்த அமைப்பாளர்களும் அதை, ஒலிகளைக் கலந்து கட்டுப்படுத்தும் மிக்ஸிங் மேசையில் மட்டுமே அளக்கிறார்கள். மேசை கூட்டத்தின் நடுவில், ஸ்பீக்கரிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. ஒற்றை ஸ்பீக்கரிடமிருந்து தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அப்படியானால் கம்பியருகே நிற்பவர் காதில் விழுவது மேசைத் திரையில் தெரியும் எண் அல்ல. கூட்டம் வருவதற்கு முன் சோதனைக்கான சீரான இரைச்சல் ஒலியை ஓடவிட்டு, மேசை, கம்பி என இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். கம்பியருகே 6 டெசிபல் அதிகம் என்றால் மேசையில் 94-ஐத் தாண்டாதீர்கள். ஸ்பீக்கர்களைத் தரையில் அடுக்காமல் உயரத்தில் தொங்கவிட்டால் இந்த வித்தியாசம் குறையும். முன்வரிசையைத் தாக்காமல் பின்வரிசைக்கும் தெளிவாகக் கேட்கச் செய்ய அதுவே வழி.

நேரம் ஆக ஆக ஒலி ஏறிக்கொண்டே போவதற்கும் காரணம் உண்டு. மேசையில் ஒலி கலக்குபவரின் காதும் களைத்து மந்தமாகிறது, போதவில்லை என்று தோன்றி ஏற்றுகிறார். அதனால் தீர்மானிக்க வேண்டியது மீட்டர், காது அல்ல.

100 டெசிபலுக்குள் நின்றாலும் காது தப்பிவிடாது. தொழிற்கூடங்களுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் கணக்கில், 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 என்றால் 15 நிமிடம். இரண்டு மணி நேர நிகழ்ச்சி அதைப் போல் எட்டு மடங்கு. உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. எனவே வாசலிலேயே இயர்பிளக் இலவசமாகக் கொடுங்கள், மாட்டும் முறையையும் படமாக வையுங்கள்: இயர்பிளக்கின் நுரைப்பஞ்சை மெல்லியதாக உருட்டி, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்டால் பாதி வெளியே துருத்தி நிற்கும், பயனிராது. ஒலி குறைந்த ஓர் ஓய்விடமும் ஒதுக்குங்கள்.

தீப்பொறி பற்றிச் சுருக்கமாக. 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ இரவு விடுதியில் மேடைத் தீப்பொறி சுவரில் இருந்த நுரைப்பஞ்சில் பற்றி 100 பேர் இறந்தார்கள். வேறு கதவுகள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் நுழைந்த வாசலுக்கே ஓடினார்கள். சிறிய மூடிய அரங்கில் தீப்பொறியே வேண்டாம். மற்ற வழிகள் எங்கே என்பதை முதல் பாட்டுக்கு முன்பே மைக்கில் சொல்லுங்கள்.

கடைசியாக, வெளியேறும் வழி. சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம் என்பது பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி தரும் அளவு. படிக்கட்டில் 66 பேர். பத்தாயிரம் பேர் எட்டு நிமிடத்தில் வெளியேற சமதரையில் 15 மீட்டருக்கும் மேல் அகலம் வேண்டும். கடை போட்டு அடைத்த கதவையும் பூட்டிய கதவையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு வழி அடைபட்டுவிட்டதாக வைத்து மறுபடியும் கணக்குப் போடுங்கள். தரையில் எத்தனை பேர் நிற்கலாம், வாசல் எத்தனை பேரை விடும் என்ற இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் டிக்கெட் எண்ணிக்கை. விற்பனை தொடங்கும் முன்பே அதை முடிவு செய்து, வரைபடத்தோடு எங்களிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒலி, மேடை, கூட்ட ஒழுங்குப் பணியாளர்கள்