வரியை எண்ணிப் படி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும், நீ பின்னுகிற ஸ்வெட்டரின் பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்புப் பக்கங்களின் நகலும் வந்து சேர்ந்தன. மகளுக்கு ஏழாம் மாதம், மசக்கை தீர்ந்து நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். அவருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, பழையபடி முழுப் பேப்பரையும் படிக்கிறார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மாலை நேரம் முழுக்க ஊசிக்கும் நூலுக்கும்தான். அதனால் உன் கேள்விகளுக்கு ஆற அமரப் பதில் எழுத முடிகிறது.

"எத்தனை தடவை படித்தாலும் ஒரு வரி புரியவில்லை, வயசாகிவிட்டது போல" என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படிக்கிற காலத்தில் கணக்கில் நம் கூட்டத்திலேயே நீதான் கெட்டி. குழப்பம் அந்தப் பக்கங்கள் எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சாகி நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழைய பின்னல் குறிப்பு 1655-இல் வந்தது, காலுறைக்கானது. அதெல்லாம் நீள நீளமான வாக்கியங்கள். 19ஆம் நூற்றாண்டில் பின்னல் புத்தகங்கள் பெருகியபோதுதான் சுருக்கெழுத்து வந்தது, அதுவும் ஆளாளுக்கு ஒரு முறையில். பிற்பாடு நான்கைந்து அளவுகளை ஒரே வரிக்குள் அடைத்தார்கள். இப்போது நம் கையில் இருப்பது தந்தி மொழி. இரண்டு சொல்லுக்கு நடுவே விட்டதை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நிரப்ப நான் நம்புகிற வழி எண்ணிக்கை. ஒரு வரி இடது ஊசியிலிருந்து எத்தனை கண்ணியை (ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை) எடுக்கிறது, வலது ஊசியில் எத்தனை கண்ணியை வைக்கிறது? இந்த இரண்டு எண்ணும் கிடைத்துவிட்டால் வரி தானாகவே திறந்துகொள்ளும். புரியாத சொல் ஒன்றிரண்டு மிச்சமிருந்தாலும், அது என்ன செய்தாக வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

நீ பேனாவால் வட்டம் போட்டிருக்கும் அந்த லேஸ் (ஓட்டை வேலைப்பாட்டுப் பின்னல்) வரிசையையே எடுத்துக்கொள்வோம். "*கே1, ஒய்எஃப், கே2, எஸ்எல்1, கே2டாக், பிஎஸ்எஸ்ஓ, கே2, ஒய்எஃப், கடைசி 1 கண்ணி வரை *-இலிருந்து திரும்ப, கே1." கே என்பது நிட், சாதாரண நேர்ப் பின்னல். கே1 ஒரு கண்ணியை எடுத்து ஒன்றைத் தரும். ஒய்எஃப் என்பது நூலை ஊசி மேல் போட்டுக்கொள்வது. எதையும் எடுக்காமல் ஒரு கண்ணியைத் தரும், ஓட்டையும் அதனால்தான் விழும். கே2 இரண்டை எடுத்து இரண்டைத் தரும். நடுவில் இருக்கும் அந்த மூன்று துண்டும் சேர்ந்து ஒரே வேலை: ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்தி வை, அடுத்த இரண்டைச் சேர்த்துப் பின்னு, நகர்த்தியதை அதன் மேல் தாண்டிப் போடு. மூன்று எடுத்து ஒன்று தருகிறது. அப்புறம் மறுபடி கே2, ஒய்எஃப். கூட்டிப் பார்: எடுத்தது 8, தந்தது 8. இரண்டு தடவை கூடியது, ஒரே தடவையில் இரண்டு குறைந்தது, சரியாகிவிட்டது. ஆக 8-இன் மடங்கு, கடைசியில் ஒரு கண்ணி. உன் முதுகுப் பகுதிக்கு 97: பன்னிரண்டு எட்டு 96, கூட ஒன்று. பேட்டர்ன் எழுதியவர் 97 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்பது இப்போது தெரிகிறது இல்லையா?

வரிசை முடிவில் 95 தான் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். கூட்டல் குறைத்தல் இரண்டும் சமமாக இருக்கிற வரிசையில் இரண்டு குறைந்தால், எங்கோ இரண்டு ஒய்எஃப் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் ஒரு சுற்றின் கடைசி ஒய்எஃப்தான் விடும்; அடுத்த நட்சத்திரத்துக்குக் கண் தாவிவிடும். ஒவ்வொரு 8 கண்ணிக்கும் இடையில் ஒரு மார்க்கர், அதாவது அடையாள வளையம், போடு. உள்பக்க வரிசையில் பர்ல் (நிட்டுக்கு எதிர்ப்பக்கப் பின்னல்) பின்னிக்கொண்டு திரும்பும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் எட்டு இருக்கிறதா என்று மட்டும் பார். ஏழு இருந்தால் விட்ட இடம் அங்கேதான். அதற்காக எதையும் அவிழ்க்க வேண்டியதில்லை. அந்த இரண்டு கண்ணிக்கு நடுவே கிடக்கும் நூலை ஊசி நுனியால் தூக்கி, அதையே கண்ணியாக்கிப் பின்னிவிடு. ஓட்டை கொஞ்சம் சிறியதாக வரும், துவைத்து விரித்துக் காயவைத்தால் யாருக்கும் தெரியாது. இன்னொன்று: லேஸ் பின்னும்போது பர்ல் வரிசை ஒன்றில் எல்லாக் கண்ணிகள் ஊடேயும் ஒரு மெல்லிய வேறு நிற நூலைக் கோத்துவிடு. அவிழ்க்க நேர்ந்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும்.

அதே லேஸுக்குக் கட்டம் போட்ட வரைபடமும் கொடுத்திருக்கிறார்கள். உனக்கு எது வசதியோ அதைப் பார். கட்டத்தை நல்ல பக்க வரிசையில் வலமிருந்து இடமாகவும், உள்பக்க வரிசையில் இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். வெற்றுக் கட்டம் நல்ல பக்கத்தில் நிட், உள்பக்கத்தில் பர்ல். எனக்குக் கட்டம்தான் பிடிக்கும். ஓட்டைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாய்ந்து போவது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

அடைப்புக்குறிகள் உன்னைப் படுத்தியிருப்பது புரிகிறது, ஏனென்றால் ஒரே குறி மூன்று வேலை செய்கிறது. 89 (97, 105, 113) என்று வந்தால் அவை அளவுகள்; உன்னுடையது இரண்டாவது அளவு, எனவே அடைப்புக்குள் முதல் எண். அடைப்புக்குப் பின்னால் "4 தடவை" என்று இருந்தால் உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். "அடுத்த ஒரே கண்ணியில்" என்று இருந்தால் உள்ளே இருப்பது முழுவதையும் ஒரு கண்ணிக்குள்ளேயே செய்ய வேண்டும். ஊசியைத் தொடுவதற்கு முன் பென்சிலோடு உட்கார்ந்து, எல்லாப் பக்கங்களிலும் உன் அளவுக்குரிய எண்ணை மட்டும் வட்டமிட்டுவிடு. இந்த வேலையை நான் ஒருபோதும் தள்ளிப்போடுவதில்லை.

இனி, உன்னை நிறுத்திவைத்த இடம்: இடது முன்பக்கம். "அக்குள் ஓரத்தில் 5 கண்ணி காஸ்ட் ஆஃப், பின் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக 6 தடவை 1 கண்ணி குறை. அதே சமயத்தில், கழுத்து ஓரத்தில் இந்த வரிசையிலும் பின் ஒவ்வொரு 4ஆம் வரிசையிலும் 1 கண்ணி குறை, மொத்தம் 16 தடவை." காஸ்ட் ஆஃப் என்றால் கண்ணிகளை மூடி ஊசியிலிருந்து இறக்கிவிடுவது. அந்த "அதே சமயத்தில்" மூன்றாவது வரியில் ஒளிந்திருப்பதுதான் கொடுமை. முதல் வாக்கியத்தைப் படித்துப் பின்ன ஆரம்பித்தவர்களுக்குக் கழுத்தை மறந்துவிட்டோம் என்பது பதினைந்து வரிசை கழித்துத்தான் தெரியும். அந்தச் சொற்களைப் பத்தியின் தலையில் போட வேண்டும் என்று எனக்கு உறுதியான எண்ணம். பேட்டர்ன் எழுதுகிற யாரையாவது பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன்.

இதற்கு ஒரே மருந்து, வரிசை வரிசையாக ஒரு தாளில் எழுதிவிடுவது. முதலில் முடிவைச் சரிபார்: இடது முன்பக்கத்தின் 49 கண்ணியில் 5 போய், 6 போய், 16 போய், தோளுக்கு 22. பேட்டர்னும் 22 என்றே சொல்கிறது. ஆக நாம் புரிந்துகொண்டது சரி. இப்போது வரிசைகள். 1ஆம் வரிசை: தொடக்கத்தில் 5 காஸ்ட் ஆஃப், முடிவில் கழுத்துக்கு 1, மீதி 43. அக்குள் குறைப்பு 3, 5, 7, 9, 11, 13 ஆகிய வரிசைகளில். கழுத்துக் குறைப்பு 1, 5, 9, 13 என்று போய் 61-இல் முடியும். எனவே 5, 9, 13 ஆகிய மூன்றில் மட்டும் இரண்டு ஓரமும் குறையும். 3-இல் 42, 5-இல் 40, 7-இல் 39, 9-இல் 37, 11-இல் 36, 13-இல் 34. அதோடு அக்குள் வேலை முடிந்தது. பிறகு நாலு வரிசைக்கு ஒன்றாகக் கழுத்து மட்டும், 61ஆம் வரிசையில் 22. உன் பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 30 வரிசை, ஆக 61 வரிசை ஏறக்குறைய 20 செ.மீ. பெரியவர்களுக்கான அக்குள் ஆழம் அவ்வளவுதான் இருக்கும். பொருந்துகிறது பார்!

"வலது முன்பக்கத்தை இடதைப் போலவே, வடிவங்களை மாற்றிப் பின்னு" என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டார்கள். வலது, இடது எல்லாம் போட்டுக்கொள்பவரின் வலது, இடது. இடது முன்பக்கத்தில் நல்ல பக்க வரிசை அக்குளில் தொடங்கிக் கழுத்தில் முடியும். வலதில் அது கழுத்தில் தொடங்கி அக்குளில் முடியும். காஸ்ட் ஆஃப் வரிசையின் தொடக்கத்தில்தான் செய்வோம் என்பதால், வலது அக்குளின் 5 கண்ணியை உள்பக்க வரிசையில் போட வேண்டியிருக்கும். இடதை விட ஒரு வரிசை தள்ளி வரும். அது தப்பில்லை, எல்லா ஸ்வெட்டரிலும் அப்படித்தான். சாய்வையும் மாற்றிவிடு. கே2டாக் வலப்பக்கம் சாயும். "எஸ்எல்1, கே1, பிஎஸ்எஸ்ஓ" இடப்பக்கம் சாயும். இடது முன்பக்கத்தில் வரிசைத் தொடக்கத்தில், அக்குளுக்கு, எஸ்எல்1 வகை; முடிவில், கழுத்துக்கு, கே2டாக். வலதிலும் தொடக்கத்தில் எஸ்எல்1 வகை, முடிவில் கே2டாக் தான். ஆனால் இப்போது தொடக்கத்தில் இருப்பது கழுத்து. சாய்வு எப்போதும் ஓரத்தின் சரிவோடு போகும்.

ஸ்வெட்டரின் கைப்பகுதியில் அச்சிட்ட எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்ற உன் சந்தேகம் மிகச் சரி. மணிக்கட்டில் 52 கண்ணி, "சமமாக 8 கூட்டு": கே5, கூட்டு, பிறகு (கே6, கூட்டு) 7 தடவை, கே5. 60 வரும். அடுத்து "6 வரிசைக்கு ஒரு முறை இரு ஓரமும் 1 கூட்டு, 12 தடவை, 86 கண்ணி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். 12 தடவைக்கு 24. 60-உம் 24-உம் 84. அப்படியானால் தப்பு எதில், தடவையிலா, மொத்தத்திலா? அடுத்த வரியைப் படி: "அடுத்த 2 வரிசைத் தொடக்கத்தில் 5 காஸ்ட் ஆஃப், மீதி 74." 84-இல் 10 போனால்தான் 74. எனவே 84 தான் சரி, 86 அச்சுப்பிழை. உன்னுடைய கணக்கு பக்கத்தோடு ஒத்துவராவிட்டால் உடனே உன் மேல் பழி போட்டுக்கொள்ளாதே. முந்தைய வரியையும் அடுத்த வரியையும் சாட்சிக்குக் கூப்பிடு.

8ஆம் எண் ஊசியைப் பற்றி: "காஸ்ட் ஆஃப்", "டென்ஷன்" (10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்ற அளவு) என்றெல்லாம் வருவதால் இது பிரிட்டிஷ் வழக்கு. பழைய பிரிட்டிஷ் 8ஆம் எண் என்றால் 4 மி.மீ.; அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்பதும் 4 மி.மீ.க்குப் பொருத்தமாகவே இருக்கிறது. பட்டன் பட்டைக்கு வரும் "மாஸ் ஸ்டிட்ச்" கூட பிரிட்டிஷ் முறையில் ஒவ்வொரு வரிசையிலும் நிட், பர்ல் இடம் மாறுவது. அமெரிக்காவில் அதே பெயருக்கு இரண்டு வரிசைக்கு ஒரு முறை மாறும். ஒரு சதுரத் துண்டு பின்னி, துவைத்துக் காயவைத்து அளந்து பார். உனக்கு 22-க்குப் பதில் 20 வந்தால், 97 கண்ணி 44 செ.மீ. ஆகாமல் 48.5 ஆகும். முன்னும் பின்னும் சேர்த்து 9 செ.மீ. பெருத்துவிடும்.

அக்கா எப்படி இருக்கிறார்? முதுகுவலிக்குப் பயிற்சி செய்கிறாரா? அவரிடம் நான் விசாரித்ததாகச் சொல். நானும் இப்போது அவருக்கென்று ஒரு சால்வை தொடங்கியிருக்கிறேன். சாதாரண கார்ட்டர் பின்னல், எல்லா வரிசையும் நிட். அவருக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறம்தானே இன்னும்? நூல் போதாமல் இன்னும் வாங்க வேண்டும், அதற்குள் எழுதிவிடு.

இடது முன்பக்கத்துக்கு நான் எழுதிய மாதிரியே வலதுக்கும் ஒரு தாளில் வரிசைக் கணக்கு எழுதி, ஊசியில் ஏற்றுவதற்கு முன் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். கழுத்துப் பட்டைக்குக் கண்ணி பொறுக்கும் பக்கம் உன் நகலில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. அதையும் முழுசாக எடுத்து அனுப்பு. மகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உன் தோழி